பிஸ்டன் பட்ட மஞ்சள் கடன்

பிஸ்டன் தன் மருமகளுக்கு நாலாயிரத்து முந்நூறு கடன்பட்டிருந்தார். பத்திரம் இல்லை, சாட்சி இல்லை, வட்டி இல்லை. அது கேட்டு வாங்கிய கடன்கூட இல்லை. கெடுத்து வாங்கிய கடன். கேட்டு வாங்கியதற்கு இன்றைக்கு நாளைக்கு என்று சாக்குச் சொல்லலாம். கெடுத்து வாங்கியது செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி, நடக்கிற போதெல்லாம் நான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வரும்.

பிஸ்டன் என்பது லாரிக்காரர்கள் வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கையெழுத்துப் போடும்போது மட்டும்தான் அவருக்கே ஞாபகம் வரும். படிப்பு மூன்றாம் வகுப்பு. பதினோராவது வயதில் யாரோ ஒருவர் பட்டறையில் மண்ணெண்ணெய்த் தொட்டி முன்னால் குந்தி, நட்டும் போல்ட்டும் கழுவிக் கொடுத்துத் தொழிலுக்கு வந்தவர். முப்பதில் சொந்தப் பட்டறை. நாற்பதில் சொந்த வீடு, கீழே இரண்டு அறை, மேலே மூன்று அறை, அவ்வளவும் அவர் கைக் கிரீஸில் முளைத்தது. தெருமுனையில் லாரி திரும்பும்போதே எந்த சிலிண்டர் நோயாளி என்று சொல்லிவிடுவார். நம்பாமல் பந்தயம் கட்டிய டிரைவர்கள் எல்லாம் தோற்றுப் போனார்கள். இது மிகையில்லை. இப்படி ஓர் ஆளை அந்தத் தெருவில் மட்டுமல்ல, நாலு தெரு தள்ளிப்போய்த் தேடினாலும் காட்ட முடியாது.

"எவன்கிட்டயும் ஒத்தைக் காசு பாக்கி கிடையாது." இதை அவர் சொல்லாத நாள் குறைவு. சாப்பிட உட்காரும்போது சொல்வார், முடி வெட்டிக்கொள்ளும்போது சொல்வார், மாத்திரை வாங்கப் போன இடத்தில் முன்பின் தெரியாதவரைப் பிடித்து நிறுத்தியும் சொல்வார். அவர் மனைவி அந்த வாக்கியத்தின் முதல் சொல்லைக் கேட்டதுமே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் முழங்கால் இரண்டும் கைவிட்டுவிட்டன. பட்டறையை மகனிடம் ஒப்படைத்தார். கல்லாச் சாவியும் அதோடு போனது. மகன் நல்லவன். சோறு, சட்டை, மருந்து எதற்கும் குறை வைக்கவில்லை. ஆனால் பிஸ்டன் சட்டைப் பையில் பணம் என்று எதுவும் தங்குவதில்லை. தேவையும் வரவில்லை, அந்த ஜூஸர் வருகிற வரைக்கும்.

மருமகள் ஒரு கம்பெனியில் பில் போடும் வேலையில் இருந்தாள். கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். கடைசிச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வந்தவள், யாரையும் கேட்காமல் நாலாயிரத்து முந்நூறுக்கு ஒரு ஜூஸர் வாங்கினாள். பச்சை மஞ்சள் சாறு பிழிந்து விரல் நீளப் புட்டியில் அடைத்து விற்கப் போகிறேன் என்றாள். பிஸ்டனுக்குச் சிரிப்பு வந்தது. சாறு பிழிவது ஒரு தொழிலா என்று கேட்டார். அவள் பதிலுக்குச் சிரித்துவிட்டுப் போனாள். ஒரே மாதத்தில் பதினொரு வீட்டு வாடிக்கை பிடித்துவிட்டாள்.

குடிக்கிறவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருவருக்கு மூட்டு, ஒருவருக்கு முகம், ஒருவருக்குப் பக்கத்து வீட்டுக்காரி குடிக்கிறாள் என்ற காரணம். மருமகள் எந்தக் காரணத்தையும் விற்கவில்லை. சாறு மட்டும் விற்றாள். மாத்திரை சாப்பிடுகிறவர்களை டாக்டரிடம் கேட்டுவிட்டு வரச் சொன்னாள். அடியில் மாவு படியும், குலுக்கிவிட்டுக் குடியுங்கள் என்று ஒவ்வொரு புட்டியிலும் எழுதி ஒட்டினாள். சுத்தமான கணக்கு. பிஸ்டனே உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார், வெளியே சொல்லவில்லை.

அந்த ஜூஸர் வேகமாகச் சுற்றுகிற ரகம். நடுவில் பல் வைத்த தட்டு, சுற்றிலும் சல்லடைக் கூடை. ஆரஞ்சு போட்டால் கண்மூடித் திறப்பதற்குள் சாறு. மஞ்சள் கிழங்கு அப்படி இல்லை. கட்டையில் பாதி, நாரில் பாதி, அதற்கு மேல் மாவு. தட்டில் பட்டுத் தெறிக்கும், சல்லடைக் கண்ணை அடைக்கும். பொறுமையாகப் போட வேண்டும். மருமகளுக்கு அந்தப் பொறுமை இருந்தது.

ஒரு காலைப் பொழுது அவள் புட்டிகளைக் கொடுக்கக் கிளம்பினாள். இன்னும் இரண்டு கிலோ மஞ்சள் நறுக்கியபடி கிடந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் பிஸ்டன். அவள் வாசல்வரை போனவள் திரும்பி வந்து சொன்னாள்.

"மாமா, கொஞ்சம் கொஞ்சமா போடுங்க. சூடானா அதுவே நின்னுடும். பதறாதீங்க. கால் மணி நேரம் விட்டுட்டு அடியில இருக்கற சிவப்புப் பொத்தானை அமுக்குங்க, ஓடும்."

"இன்ஜினையே கரைச்சுக் குடிச்சவன்கிட்ட பொத்தான் காட்டறியா? போயிட்டு வாம்மா."

போனாள். அவர் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போட்டார். கூடை ஒரு பக்கம் கனத்து, மேஜையே ஆடியது. மூன்று நிமிஷத்தில் இயந்திரம் நின்றது. கால் மணி நேரமாவது காத்திருப்பதாவது! அவர் தொழிலில் நின்றுபோன வண்டி முன்னால் கைகட்டி உட்கார்ந்தவனுக்கு அன்றைக்குக் கூலி கிடையாது. இயந்திரத்தைக் கவிழ்த்தார், திருகாணிகளைக் கழற்றினார், சிவப்புப் பொத்தானுக்குப் போகிற இரண்டு கம்பிகளையும் பார்த்தார். இதுதான் வழிமறிக்கிறது என்று தெரிந்தது. நடுரோட்டில் படுத்த வண்டிக்கு இப்படித்தான் செய்வார்கள்: இடையில் கெட்டுப்போனதைத் தள்ளிவிட்டு நேரடியாகக் கொடுத்து, பட்டறை வரைக்கும் ஓட்டி வருவார்கள். இரண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கினார். இயந்திரம் உறுமிக்கொண்டு ஓடியது. அவருக்கு மீசை துடித்தது.

நாலு நிமிஷம் ஓடியது. அப்புறம் வார்னிஷ் கருகுகிற நாற்றம். அந்த நாற்றம் அவருக்குப் பழக்கமானதுதான். மோட்டார் செத்துவிட்டது என்று மூக்கு சொன்ன பிறகும் கை மட்டும் கொஞ்ச நேரம் சுவிட்சைத் தட்டிக்கொண்டே இருந்தது.

மருமகள் வாசலிலேயே மோப்பம் பிடித்துவிட்டாள். உள்ளே வந்து மேஜையைப் பார்த்தாள், பிறகு அவர் கையைப் பார்த்தாள். கையைச் சுட்டுக்கொண்டீர்களா என்றுதான் முதலில் கேட்டாள். இல்லை என்றார். அதற்குள் இயந்திரத்தை நிமிர்த்தி, திருகாணிகளை முடுக்கி, ஒன்றும் நடக்காத மாதிரி வைத்திருந்தார்.

"அதுவா நின்னுபோச்சும்மா. மட்டமான மெஷின்."

அவள் அலமாரியைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தாள். ஒரு வருஷ கியாரண்டி இருக்கிறது, சாயங்காலம் கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்றாள். அவள் முகத்தில் கவலையே இல்லை. பிஸ்டன் மீதியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். கடைக்காரன் அடித்தட்டைத் திறப்பான். முறுக்கிய கம்பியைப் பார்ப்பான். பிரித்த இயந்திரத்துக்குக் கியாரண்டி ஏது என்று நாலு பேர் எதிரில் இவளைத்தான் கேட்பான். இவள் நான் பிரிக்கவே இல்லை என்று அடித்துச் சொல்வாள். அவன் சிரிப்பான்.

முறுக்கைப் பிரித்துப் பழையபடி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்றும் ஒரு நினைப்பு ஓடியது. ஓடியது உண்மை, மறைப்பானேன்! ஆனால் நாற்பது வருஷம் செய்யாத வேலைக்குக் கூலி வாங்கினதில்லை, செய்த வேலையை இல்லை என்று சொன்னதும் இல்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான்தான்மா பிரிச்சேன். பொத்தானை எடுத்துட்டு நேரா குடுத்தேன். கருகிடுச்சு. உன் நாலாயிரத்து முந்நூறு என் கணக்கு."

அவள் அட்டையை மடித்து அலமாரியில் வைத்தாள். வைக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"விடுங்க மாமா," என்றாள்.

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, லாரி இன்ஜினுக்கு அடங்காத மனுஷன் ஒரு கிழங்குக்கு அடங்கிட்டாரே என்று பாத்திரத்திடம் சொல்வதுபோல் சொன்னாள். அதை அவர் பொருட்படுத்தவில்லை. அவரைக் கொன்றது அந்த 'விடுங்க'தான். விடுங்க என்றால் என்ன அர்த்தம்? உன்னால் முடியாது, உன்னிடம் இல்லை, நீ இனிமேல் கணக்கில் இல்லாத ஆள் என்றுதானே அர்த்தம்? அவள் அப்படி நினைத்துச் சொல்லியிருக்க மாட்டாள். அவருக்கு அப்படித்தான் கேட்டது.

மகனிடம் கேட்டால் அடுத்த நிமிஷம் எடுத்துக் கொடுப்பான். ஆனால் அவள் புருஷன் பையிலிருந்து எடுத்து அவள் கையில் வைப்பது என்ன கடன் தீர்க்கிற லட்சணம்? தண்ணீரை இந்தக் குடத்திலிருந்து அந்தக் குடத்துக்கு ஊற்றிவிட்டு மழை பெய்தது என்று சொல்வது மாதிரி. தன் கையால் சம்பாதித்த காசாக இருக்க வேண்டும். முழங்கால் போனால் என்ன, கை இருக்கிறதே!

மருமகள் வியாபாரத்தை நிறுத்தவில்லை. மஞ்சளை மிக்ஸியில் தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் கட்டிப் பிழிந்தாள். அரைமணி வேலை இரண்டு மணி நேரமானது. வாரத்துக்கு இரண்டு துணி கிழிந்தது. கை மணிக்கட்டு வரை மஞ்சள். சாறும் நீர்த்துப் போனது. இரண்டு வீட்டுக்காரர்கள் முன்ன மாதிரி இல்லையே என்று நின்றுவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, பக்கத்துத் தெருவில் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர் ஒருவர் ஆள் அனுப்பினார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாற்பது புட்டி வேண்டும். ஆனால் தண்ணீர் கலக்காத தனிச் சாறாக இருக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து முதல் தேதியிலிருந்து கொடுக்க முடிந்தால் கொடுங்கள், முடியாவிட்டால் வேறு ஆள் தயாராக இருக்கிறார் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டாள் மருமகள். எதை வைத்துக் கொடுப்பாள் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. பிஸ்டன் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை மாடிப்படிக்கு அடியில் இருந்த சந்து இடத்தைக் காலி செய்தார். பழைய செய்தித்தாள், உடைந்த வாளி எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு ஒரு பலகை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. கருகிய ஜூஸரைப் பலகையில் வைத்து ஒவ்வொரு திருகாணியாகப் பிரித்தார். இந்த முறை ஓட்டுவதற்காகப் பிரிக்கவில்லை, ஏன் செத்தது என்று கேட்பதற்காகப் பிரித்தார். சல்லடையை விளக்குக்கு நேரே பிடித்தபோது ஒரு கண் பாக்கியில்லாமல் நாரும் மாவும் அடைத்திருந்தது. சாறு போக வழியில்லை, கூடை கனத்தது, மோட்டார் திணறியது. சிவப்புப் பொத்தான் திணறினவனைக் கொஞ்சம் உட்காரச் சொல்லியிருக்கிறது. பிஸ்டன்தான் அதன் வாயைப் பொத்திவிட்டு ஓடு ஓடு என்று விரட்டியிருக்கிறார்.

மாடியில் குடியிருந்த டைப்பிஸ்ட் அம்மாள் படியிறங்கும்போது எட்டிப் பார்த்து, என் மிக்ஸியும் கத்துகிறது, பார்ப்பீர்களா என்று கேட்டார். பார்த்தார். அடியிலிருக்கிற ரப்பர் பல் தேய்ந்திருந்தது. மாற்றிக் கொடுத்துவிட்டு எண்பது கேட்டார். கூலி கேட்டே இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கையில் விழுந்த நோட்டுகளை மகனின் பழைய சாக்லேட் டப்பாவில் போட்டு மூடினார்.

அதற்குப் பிறகு ஆட்கள் தாங்களாகவே வந்தார்கள். தெருவே சமையலறையில் செத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தது. மிக்ஸி, கிரைண்டர், முடி உலர்த்துகிற கருவி, ஜூஸர். டயர்க் கடைக்காரர் ஒரு நாள் சைக்கிளை நிறுத்தி, என்ன பிஸ்டன், லாரியிலிருந்து கரண்டிக்கு இறங்கிட்டீங்களா என்று நக்கலடித்தார்.

"உங்க வீட்டு மிக்ஸி ஓடுதா?"

"ஓடலை."

"அப்ப வாயை மூடிக்கிட்டு எடுத்துட்டு வாங்க. நூறு."

ஒன்பது ஜூஸர்கள் அவர் கைக்கு வந்தன. ஒவ்வொன்றும் எதைப் பிழிந்து செத்தது என்று கேட்டார். ஏழு வேகமாகச் சுற்றுகிற ரகம். அதில் ஐந்து பேர் இஞ்சி, மஞ்சள் என்று கட்டைச் சாமான் போட்டவர்கள். கேரட்டோடு நிறுத்திக்கொண்டவர்களின் இயந்திரங்கள் நன்றாகவே இருந்தன. ஒன்றில் சுவிட்ச், ஒன்றில் கம்பி, அவ்வளவுதான். ஒன்று கையால் சுற்றுகிற இரும்பு ரகம். பிஸ்டன் அதில் ஒரு கைப்பிடி மஞ்சள் போட்டுச் சுற்றிப் பார்த்தார். சாறு அருமை. ஒரு வீட்டுக்கு ஒரு தம்ளர் என்றால் அதைவிட மலிவான நல்ல சாமான் கிடையாது. நாற்பது புட்டிக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். கடைசியாக வந்த ஒன்று மெதுவாகத் திருகுகிற ரகம், திருகாணி மாதிரி ஒரு தண்டு கிழங்கை நசுக்கி நகர்த்திக்கொண்டு போகும். முழுக் கிழங்கை அப்படியே திணித்ததில் தண்டு வெடித்திருந்தது. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிஸ்டன் ஒரு முடிவுக்கு வந்தார். மஞ்சளை வெட்டிக்கொண்டிருந்தால் ஆகாது, நசுக்க வேண்டும். ஓடக் கூடாது, நடக்க வேண்டும்.

இதை மருமகளிடம் சொன்னார். அவள் மஞ்சள் சுரண்டிக்கொண்டே கேட்டாள். கரண்டி விளிம்பால் சுரண்டினால் தோல் காகிதம் மாதிரி வரும், கத்தியால் சீவினால் பாதி கிழங்கு போய்விடும் என்று அவள்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். சாயங்காலங்களில் அவரும் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிடுவார். நாற்பது வருஷம் கறுப்பாக இருந்த நகம் மஞ்சளாகிவிட்டது. சுரண்டுவதற்கு முன்னால் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள் மாமா, கறை பிடிக்காது என்றாள். தன் கையில் பிடிக்காத கறையா என்று அவர் தடவிக்கொள்ளவில்லை. டப்பாவில் என்ன இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. ஆனால் ஒரு நாள் அதைத் துடைத்து வேறு இடத்தில் வைத்தவள் மூடியைத் திறக்காமல் வைத்தாள் என்பதைக் கவனித்தார்.

முதல் தேதிக்கு நாலு நாள் இருந்தபோது மருமகள் வந்தாள். புது ஜூஸருக்கு என்னிடம் ஐயாயிரத்து ஐந்நூறு சேர்ந்திருக்கிறது, மீதியைத் தவணையில் கட்டிக்கொள்கிறேன், கடைக்கு வருகிறீர்களா மாமா என்று கேட்டாள். பிஸ்டன் சந்துக்குள் போய் டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார். நாலாயிரத்து நூறு. மறுபடி எண்ணினார். எத்தனை முறை எண்ணினாலும் இருநூறு குறைந்தது. குறைந்த கடனைத் தீர்த்த கடன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. இருந்ததை ரப்பர் வளையம் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டே கிளம்பினார். இன்னொரு கையில் துணிப்பை. அதற்குள் சுரண்டி, சுண்டுவிரல் நீளத்துக்கு நறுக்கிய ஒரு கிலோ மஞ்சள்.

கடை கண்ணாடிக் கதவு போட்ட கடை. உள்ளே குளிர். கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் சிரித்த முகத்தோடு ஆரஞ்சுத் தட்டை எடுத்து வந்தார். பிஸ்டன் துணிப்பையை மேஜையில் கவிழ்த்தார்.

"ஆரஞ்சை நீங்க சாப்பிடுங்க தம்பி. இதைப் பிழிஞ்சு காட்டுங்க."

விற்பனையாளர் முகத்தில் ஈயாடவில்லை. தட்டு கறையாகிவிடும் என்றார். முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர் கேட்கிறார், பிழிந்து காட்டு என்று அவரே சொன்னார்.

முதலில் வேகமாகச் சுற்றுகிற பெரிய ரகம். கடையே அதிர்ந்தது. விற்பனையாளர் அவசரத்தில் இரண்டு கைப்பிடியாகப் போட்டார். பாதியில் நின்றது. அவருக்கு வியர்த்துவிட்டது. சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தட்டினார். பிஸ்டன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அதைத் தொந்தரவு பண்ணாதீங்க. மூச்சு வாங்குது. கால் மணி நேரம் விடுங்க, அப்புறம் அடியில சிவப்புப் பொத்தான் இருக்கு, அமுக்குங்க."

மருமகள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதிலிருந்து சிரிக்கிறாள் என்று தெரிந்தது. பிஸ்டன் கூடையில் இருந்த சக்கையை எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். சாறு சொட்டுச் சொட்டாக விழுந்தது. சக்கையில் இவ்வளவு மிச்சம் விடுகிற இயந்திரம் வேண்டாம் என்று ஒதுக்கினார்.

அடுத்து மெதுவாகத் திருகுகிற ரகத்தில் இரண்டு. ஒன்று நின்ற வாக்கில், உயரமாக, பளபளவென்று மணப்பெண் மாதிரி. மற்றொன்று படுத்த வாக்கில், தண்ணீர் இறைக்கிற பம்பு மாதிரி. விலை ஏறக்குறைய ஒன்றுதான். படுத்தது ஒன்பதாயிரத்து எண்ணூறு, நின்றது நூறு கூட. இரண்டையும் ஓட்டிப் பார்த்தார்கள். பிஸ்டன் இரண்டின் மேலும் உள்ளங்கையை வைத்து நடுக்கம் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். அடைத்துக்கொண்டால் பின்பக்கமாகச் சுற்ற வைக்க முடியுமா, தண்டு உடைந்தால் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டார். இரண்டுக்கும் முடியும், கிடைக்கும். சக்கையைப் பிழிந்தால் இரண்டும் மரத்தூள் மாதிரி உதிர்ந்தது. பிஸ்டனுக்கு மனசு முழுக்க நின்றதன் மேல் போய்விட்டது. வாய் அகலம், தானாகவே உள்ளே இழுத்துக்கொள்கிறது, பார்க்கவும் லட்சணம்.

"இதுதாம்மா. கண்ணை மூடிக்கிட்டு எடு."

மருமகள் கண்ணை மூடவில்லை. இரண்டையும் பிரித்துத் தாருங்கள் என்று கேட்டாள். நின்றதில் எட்டுப் பாகம் வந்தது, படுத்ததில் ஐந்து. எல்லாவற்றையும் ஒரு தட்டில் அள்ளிக்கொண்டு கடைக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனாள். பிஸ்டனும் பின்னாலேயே போனார். படுத்ததின் தண்டில் சுற்றியிருந்த நார் ஒரே இழுப்பில் கயிறு மாதிரி வந்தது. சின்னச் சல்லடை குழாய்த் தண்ணீரிலேயே வெளுத்தது. நின்றதின் சல்லடை உயரமானது, அதைச் சுற்றி வழிக்கிற ரப்பர் வேறு தனியாக. இண்டு இடுக்கெல்லாம் நார். பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள், மறுபடி தேய்த்தாள்.

"மாமா, பிழியறது அரைமணி நேரம். கழுவறது யாரு? மஞ்சள் காஞ்சா பெயின்ட் மாதிரி ஒட்டிக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான்தான் இங்க நிக்கணும்."

பிஸ்டன் தட்டில் கிடந்த பாகங்களைப் பார்த்தார். ஒன்பது ஜூஸரைப் பிரித்தவர் அவர். மோட்டாரைப் பார்த்தார், தண்டைப் பார்த்தார், சக்கையைப் பிழிந்து பார்த்தார். கழுவுகிற கையை யோசிக்கவே இல்லை. பட்டறை சொந்தமான நாளிலிருந்து கழற்றிப் போடுவதுதான் அவர் வேலை, கழுவி எடுத்து வைக்க எப்போதும் ஓர் ஆள் இருந்தான். மண்ணெண்ணெய்த் தொட்டி முன்னால் குந்தியிருந்த பதினோரு வயது ஞாபகத்துக்கு வந்தது. கழுவித் தொழிலுக்கு வந்த மனுஷன், கழுவுவதையே மறந்துபோயிருந்தார். அன்றைக்கு அந்தப் பட்டறைக்காரன் இவரிடம் எந்த நட்டு கழுவ லேசு என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பிரஷ்ஷை அவள் கையிலிருந்து வாங்கி, அந்த உயரமான சல்லடையைத் தானே தேய்த்துப் பார்த்தார். விரல் வலித்ததும் வைத்தார்.

"உன் பேச்சுதான் சரி. பம்பையே எடு," என்றார். தன் வாழ்நாளில் இந்த மாதிரி அவர் சொன்னது இரண்டு தடவையோ மூன்று தடவையோதான் இருக்கும். மனைவி கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

கல்லாவுக்கு வந்தார்கள். மருமகள் ஐயாயிரத்து ஐந்நூறை எடுத்து வைத்துவிட்டு, மீதிக்குத் தவணைத் தாள் கொடுங்கள் என்றாள். பிஸ்டன் சட்டைப் பையைத் தொட்டார். நாலாயிரத்து நூறு. அவர் கண் கல்லாவுக்குப் பின்னால் இருந்த அலமாரிக்குப் போனது. அங்கே சீட்டு ஒட்டிய பழைய மிக்ஸிகள் வரிசையாக இருந்தன. அது என்ன என்று கேட்டார். ஓடவில்லை என்று வாடிக்கையாளர்கள் கொண்டுவந்து போட்டது, எங்கள் மெக்கானிக் பத்து நாளாக வரவில்லை, இதில் ஒருவர் காலையிலிருந்து போன் மேல் போன் என்று அலுத்துக்கொண்டார் முதலாளி.

"அவரோடது எது?"

எடுத்துக் கொடுத்தார்கள். பிஸ்டன் முதலில் கவிழ்த்து சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பார்த்தார். அதில்லை. பக்கத்து மூடியைத் திறந்து, மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் துண்டை உருவினார். தேய்ந்து பல்லிடுக்கில் குத்துகிற குச்சி அளவுக்கு ஆகியிருந்தது. புதிய துண்டு கடை இழுப்பறையிலேயே இருந்தது. இரண்டு பக்கமும் மாற்றி, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, சுவிட்சைப் போட்டார். மிக்ஸி பாடியது.

"கூலி இருநூறு," என்றார்.

முதலாளிக்கு மகிழ்ச்சி. "அதுக்கென்ன ஐயா, உங்க பில்லுலயே இருநூறு தள்ளிடறேன்."

"தள்ளாதீங்க. பில்லுல தள்ளினா அது நீங்க இவளுக்குக் குடுத்த தள்ளுபடி. எனக்கு என் கூலி வேணும். கையில குடுங்க."

முதலாளி அவரையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் கல்லாவைத் திறந்து இரண்டு நூறு கொடுத்தார். பிஸ்டன் அதை வாங்கி, பையிலிருந்து எடுத்த கட்டோடு சேர்த்தார். ரப்பர் வளையத்தை உருவி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். முதலாளி வழக்கம்போல் கையை நீட்டினார். பிஸ்டன் அவர் பக்கம் திரும்பவில்லை.

"கையைக் காட்டும்மா."

மருமகளுக்குப் புரிந்துவிட்டது. தவணைத் தாளில் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தாள். அவள் 'விடுங்க' என்று சொல்லிவிடுவாளோ என்று பிஸ்டன் நோட்டுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் சொல்லவில்லை. வலது கையைத் துடைத்து, விரித்து நீட்டினாள். ரேகை ஒவ்வொன்றிலும் மஞ்சள் ஓடியிருந்தது.

அவர் எண்ணத் தொடங்கினார். பட்டறையில் சம்பளம் கொடுக்கிற நாளில் எண்ணுவது மாதிரி, கடையில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கிற குரலில். டைப்பிஸ்ட் அம்மாளின் நோட்டுகள் முதலில். டயர்க் கடைக்காரரின் கசங்கிய நூறு. ஐம்பதுகள் இரண்டிரண்டாக, பத்துகள் பத்துப் பத்தாக. ஆயிரம் ஆனதும் ஒரு தடவை நிறுத்தி அவளைப் பார்த்தார். இரண்டாயிரத்தில் அவள் இடது கையையும் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். மூவாயிரத்தில் விற்பனையாளர் வந்து பக்கத்தில் நின்றார். நாலாயிரத்து நூறு. இப்போது வாங்கிய கூலியில் ஒன்று, நாலாயிரத்து இருநூறு. கடைசி நூறை விரலால் நீவிச் சுருக்கம் எடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"நாலாயிரத்து முந்நூறு."